சமையலக்கா உடைக்காத தட்டுகள்

பல் டாக்டரம்மா வீட்டுச் சமையலக்காவின் கைக்கு அந்தத் தெருவிலேயே நல்ல பேர். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுப் பீங்கான் தட்டு ஒன்றின் விளிம்புகூட அவளால் சிதைந்ததில்லை. வாய்தான் கொஞ்சம் அவசரம்.

டாக்டரம்மா இந்த வருடம் அவளை முறைப்படி பதிவு செய்து, "இனிமே உங்களுக்கு இருபதாயிரம்" என்றார். பிடித்தம் பற்றி அவர் அடுத்துச் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு ஓடிப்போய்க் கணவனிடம் இருபதாயிரம் என்று சொல்லிவிட்டாள். மாதக் கடைசியில் கைக்கு வந்தது பதினாறாயிரம்.

கணவன் வேன் ஓட்டுகிறவன், கெட்டவன் இல்லை. ஆனால் முன்பு ஒருமுறை அவனுக்குத் தெரியாமல் அவள் தன் தம்பிக்குப் பணம் கொடுத்தது அவன் மனதில் முள்ளாகவே நிற்கிறது. "மிச்சம் உன் தம்பி வீட்டுக்குப் போயிடுச்சா?" என்று கேட்டதோடு பேச்சை நிறுத்திவிட்டான். அவள் போட்ட சோற்றையும் தொடவில்லை.

கண் வீங்கி வந்து நின்றவளை டாக்டரம்மா உட்கார வைத்தார். "பேசின சம்பளம் வேற, கைக்கு வர்றது வேற அக்கா. வரி, காப்பீடு, உங்க வயசான காலத்துக்குன்னு ஒரு பங்கு, எல்லாம் முன்னாடியே பிடிச்சிடுவாங்க."

அட, மீன் சங்கதிதானே என்று அவளுக்குச் சட்டெனப் பிடிபட்டது. கடையில் ஒரு கிலோ, கழுவிச் சட்டியில் போட்டால் முக்கால் கிலோ. அதையே போய்க் கணவனிடம் சொன்னாள்.

"மீன் கழிவப் பூனை தின்னுது. இத எந்தப் பூனை தின்னுச்சு?" என்றான் அவன்.

டாக்டரம்மாவே போனில் அவனிடம் பேசினார். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டவன், போனை வைத்ததும் மனைவியிடம் திரும்பினான். "அந்தம்மாவுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க."

இதற்குமேல் அவள் என்னதான் செய்வாள், பாவம். மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் தட்ட உடைச்சிட்டேன், அதுக்குப் பிடிச்சீங்கன்னு சொல்லிடுங்களேன்."

"நீங்க ஒண்ணுகூட உடைச்சதில்லையே அக்கா. அடுத்த மாசமும் பிடிப்பாங்களே, அப்போ?"

"அப்பவும் உடைக்கிறேன்."

டாக்டரம்மாவுக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை. அவளேதான் வீட்டில் கணவனிடம் அப்படிச் சொன்னாள்.

"தட்டா? நிதானமா வேல பாருன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு" என்று அவன் சலித்துக்கொண்டான். அத்தனை நாள் இறுகியிருந்த முகம் அப்படியே இளகிவிட்டது. உண்மையை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சொல்லியும் நம்பாதவன், இதை அவள் சொல்லி முடிப்பதற்குள் நம்பிவிட்டான். அது அவளுக்குத் தாங்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். அவள் சோற்றுத் தட்டை நீட்டினாள்.

"பாத்து, பாத்து. நழுவிடப் போகுது" என்றான், உண்மையான அக்கறையோடு.

அவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.