அடி வாங்கிக் கண்ணாடியான கல்

கல்லைத் தலைமுடியைவிட மெல்லிசாகத் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவதுதான் தரமணி ஆய்வுக்கூடத்தில் என் வேலை. குனிந்தே சம்பாதிக்கிற எல்லோருக்கும் என் முதுகுவலி புரியும்.

கறுப்புப் பட்டைகள்

சேர்ந்த புதிதில் ஒரு விண்கல் துண்டைத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். மற்ற கனிமங்களெல்லாம் சுற்றச் சுற்ற நிறம் மாறின. நடுவில் சில பட்டைகள் மட்டும் எப்படித் திருப்பினாலும் கறுப்பாகவே இருந்தன. அந்த நுண்ணோக்கியில் வெறும் கண்ணாடி கறுப்பாகத்தான் தெரியும்; தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். விஞ்ஞானி வசந்தா மேடத்திடம் போய் ஒப்புக்கொண்டேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். அது ஃபெல்ட்ஸ்பார் என்ற சாதாரணக் கனிமமாக இருந்ததாம். விண்வெளியில் இன்னொரு கல் மோதிய வேகத்தில், உருகி ஓடாமல், பழைய உருவம் மாறாமல் அப்படியே கண்ணாடியாகிவிட்டதாம். பெயர் மாஸ்கலினைட். பிறகு சொன்னார்: "நீங்க எதையும் கெடுக்கல, சேகர். இதை அடிச்சது வேற கல்லு, நீங்க பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி."

மயிலாப்பூர் விண்கல்

மொட்டைமாடியில் கிடந்ததென்று ஒரு கறுப்புக் கல்லைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். அறுத்துப் பார்த்தால் கண்ணாடிதான், ஆனால் உள்ளே முழுக்கக் குமிழிகள். உலையில் உருகி ஆறிய இரும்புக் கசடு. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குமிழியை நுண்ணோக்கியில் காட்டச் சொல்லி, ரசித்துப் பார்த்துவிட்டுத் துணியை மடித்தார்.

"எனக்குப் புரிஞ்சுடுத்து. தினம் இதுக்குப் பூ வெச்சுண்டிருக்கா என் ஆத்துக்காரி, அவகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்கோ."

தனம் அக்காவின் மூன்று நாள்

சைதாப்பேட்டையிலிருந்து வரும் தனம் அக்காதான் எங்களில் மூத்தவர். ஒருமுறை பட்டாணி அளவு விண்கல் ஒன்று வந்தது. வேறு துண்டு கிடையாது. இயந்திரத்தில் வைத்ததுமே ஓரத்தில் விரிசல் விட்டது. அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். கல்லைப் பசையில் ஊறவைத்து இறுக்கினார். பிறகு மூன்று நாள், கண்ணாடிப் பலகையில் சாணைப் பொடி தூவி, விரல் நுனியாலேயே தேய்த்தார். விரிசல் அதற்குமேல் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

வசந்தா மேடம் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, எழுந்து தன் நாற்காலியை அக்காவுக்குத் தந்தார். இத்தனை வருடத்தில் அக்கா நுண்ணோக்கியில் கண் வைத்தது அன்றுதான். மேடம் காட்டிய மாஸ்கலினைட் பட்டைகளை வெகுநேரம் பார்த்தார்.

"இத்தினி அடி வாங்கியும் ஷேப்பு மாறாம கீது பாரு நைனா. இதப் போயி நான் ஒடச்சிருவேன்னு பயந்துகினு இருந்தேன்."

கோடானுகோடி வருடம் தாங்கிய கல்லையும் ஒரே தும்மலில் தொலைத்துவிடலாம் என்பதால், இந்தத் தொழிலில் நாங்கள் மூச்சைக்கூட யோசித்துத்தான் விடுகிறோம்.