கேப்டனுக்குப் பதிலாக மாமா

எங்கள் பள்ளியில் அப்போது தெய்வங்கள் பதினொன்று. பதினொன்றும் மஞ்சள் ஜெர்ஸி போட்டுக்கொண்டு, மூன்றாவது பீரியடுக்கு மேல் வகுப்பில் உட்காராமல், மைதானத்தில் எழுந்தருளியிருக்கும். மேட்ச் இருந்தால் கணக்கு சார் பரீட்சையையே தள்ளிவைப்பார். பிசிக்ஸ் டீச்சர் ஃப்ரீ கிக்கை வைத்துத்தான் பாதிப் பாடத்தை நடத்துவார். பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ-பிளஸ் வாங்கிய அக்காவின் படம் நோட்டீஸ் போர்டு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. கால்பந்து அணி கேப்டனின் ஃப்ளெக்ஸோ வாசல் கேட்டைவிட உயரம். காற்றில் கிழிந்தால் மறுநாளே புதுசு வந்துவிடும்.

நான் எட்டாம் வகுப்பு. எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது. எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு த்ரோபால்தான், அதுவும் தெய்வங்கள் மைதானத்தைக் காலி செய்து கொடுத்தால். ஆனால் காலை அசெம்பிளியில் விளையாட்டுச் செய்தி வாசிப்பவள் நான். மலையாளத்தில் கணீரென்று வாசிப்பேன். கேட்பவர்கள் யாரும் இது தமிழ் வீட்டுப் பிள்ளை என்று சொல்லமாட்டார்கள் என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். ஒருநாள் கேப்டன் என்னைத் தாண்டிப் போகும்போது, "வாயன கொள்ளாம், கேட்டோ" என்றான். நன்றாக வாசிக்கிறாயாம். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் சோறு தண்ணி இல்லாமல் ஓட்டியிருப்பேன்.

அந்தப் பள்ளியில் நான் கால் வைத்ததே மாமாவால்தான். மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா சாலை பஜாரில் மூட்டை தூக்கினார், அம்மா ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினாள். இஸ்திரி போட்ட சட்டையில் வேலைக்குப் போனது மாமா ஒருவர்தான். கேப்டன் வீட்டுக் கார் டிரைவர். கேப்டனின் அப்பா பெரிய கட்டிடக் கம்பெனி முதலாளி, பள்ளிக் கமிட்டியிலும் இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னார், எனக்கு இலவச சீட் கிடைத்தது.

மாமாவுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது. வாய் மட்டும் ஓயாது. "ஏட்டி, உங்க கேப்டனுக்கு இன்னும் அவங்கம்மாதான் தோசைய ஊட்டி விடுதா. வெளிய வந்தா புலியாம்லா" என்று ஆரம்பிப்பார். நான் இரண்டு நாள் அவரோடு பேசமாட்டேன். தெய்வ நிந்தனையை யார் பொறுப்பார்கள்?

அந்த வருஷம் ஆற்றுகால் பொங்காலை நாள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு நகரத்தின் பாதித் தெருக்களில் வண்டி ஓடாது, அடுப்புதான் எரியும். கிழக்கேகோட்டை முழுக்கப் பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிடச் செங்கல் அடுக்கி, மண்பானை வைத்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கோயிலில் முதல் அடுப்பில் தீ வைத்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அதற்கு முன்னால் தெருவில் ஒருத்தியும் தீக்குச்சி உரசக் கூடாது. காலை பத்தரை வாக்கில் அறிவிப்பு வந்தது. எங்கும் குரவைச் சத்தம், நம்மூர்க் குலவைதான். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று லீவில் இருந்த மாமா ஒரு வாளியில் சம்பாரத்தை, அதாவது இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்ட மோரை, வரிசையில் எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தார். நான் போனில் படம் பிடித்தேன். ஒலிபெருக்கி, குரவை, அம்மாவின் கை, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு "போதும்ட்டி, நிறுத்து, நான் என்ன சினிமா ஸ்டாரா?" என்று கத்தும் மாமா, எல்லாம் ஒரே வீடியோவில். உடனே ஸ்டேட்டஸ் போட்டேன்.

அதே காலையில் கேப்டன் தன் அணியில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு பொன்முடிக்குக் கிளம்பியிருந்தான். அவனுக்கு வயது பதினாறு. லைசென்ஸ் இல்லை, பியர் இருந்தது. எங்கள் அடுப்பு பற்றிய அதே பத்தரை மணி வாக்கில், மலைக்கு ஏறும் முன் கல்லாறில், பஸ்ஸுக்காக ஓரமாக நின்றிருந்த ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியைக் கார் அடித்துத் தூக்கிப்போட்டது. கார் நிற்கவில்லை.

மத்தியானம் முதலாளி போன் செய்து மாமாவை வரச் சொன்னார். சாயந்திரம் திரும்பி வந்த மாமாவின் வாய் மூடியிருந்தது. அதுவே எங்கள் வீட்டில் பெரிய சம்பவம். பிறகு அடுக்களை வாசலில் நின்றுகொண்டு சொன்னார்.

"அந்த ஆளுக்கு உயிருக்கு ஒண்ணும் இல்லியாம் அக்கா. கால் எலும்புதானாம். நான்தான் ஓட்டுனேன்னு சொல்லிட்டா ஸ்டேஷன்லயே ஜாமீன். லைசென்ஸ கொஞ்ச நாள் புடிச்சு வைப்பாங்க, அம்புட்டுதான். பையனுக்கு ஃபைனல் இருக்காம்."

"நீ இங்கல்லாடே இருந்த, எங்க கூட?" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியாதா அத்தான்?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. மாமா என்னைப் பார்த்தார். "பிள்ளை படிக்கணும்லா" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் பட்டதைப் படவில்லை என்று சொல்ல முடியாது. ஃபைனலுக்குப் பத்து நாள்கூட இல்லை. கேப்டன் மேல் கேஸ் வந்தால் கோப்பை போச்சு. ஆட்டத்தில் ஒருவர் வெளியேறினால் பெஞ்சிலிருந்து இன்னொருவர் இறங்குவார் இல்லையா, எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அணிக்காக இறங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஸ்டேட்டஸ எடுத்துருட்டி" என்றாள். எடுத்தேன். அதற்கு மேல் எதையும் அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் கெட்டிக்காரத்தனம்தான் அங்கே நிற்கவில்லை. கேலரியிலிருந்து வீடியோவை அழித்தேன். ட்ராஷ் ஃபோல்டருக்குள் போய் அங்கிருந்தும் அழித்தேன். அணிக்காக ஏதோ நானும் செய்துவிட்ட திருப்தியில் நன்றாகத் தூங்கினேன்.

முதலாளி சொன்னபடியே மாமாவுக்கு ஸ்டேஷனில் ஜாமீன் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சிரித்தபடி சாப்பிட்டார். பள்ளியில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அசெம்பிளியில் பி.டி. சார், கேப்டனுக்குக் காய்ச்சல், எல்லாரும் பிரார்த்தனை செய்யுங்கள் என்றார். அறுநூறு பிள்ளைகள் கண்ணை மூடி, அடித்துவிட்டு ஓடியவனின் உடல்நலத்துக்காகப் பிரார்த்தனை செய்தோம். நான் மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் கொஞ்சம் சத்தமாகவே செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அணியின் மஞ்சள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு அம்மாவும் என் வயதுப் பெண் ஒருத்தியும் வந்து நின்றார்கள். அந்த அம்மாவின் கையில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"இது டிரைவர் வீடுதானே பாப்பா? நாங்க பொன்முடி எஸ்டேட் லயத்து வீட்டுலேருந்து வாரோம். சண்டை புடிக்க வரல."

ஆமாம், என் மாமா என்றேன். தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன். இருவரும் குடித்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு இன்னும் கண்ணு முழிக்கல" என்றாள் அந்த அம்மா. "தலையில அடி. கல்லாத்துல கடை வெச்சிருக்கவரு, கார்ல மஞ்சச் சட்டை போட்ட பையங்கதான் இருந்தாங்கன்னு அன்னிக்கு சொன்னாரு. இப்ப போயி கேட்டா, நான் பாக்கலியேங்குறாரு. போலீஸ்ல உங்க மாமா பேரைச் சொல்லுதாங்க. நீ சின்னப் பிள்ளை, பொய் சொல்லமாட்ட. அன்னிக்கு ஒங்க மாமாதான் கார எடுத்துட்டுப் போனாரா?"

கால் எலும்புதான் என்று மாமாவிடம் சொன்னது பச்சைப் பொய் என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. அதில் சந்தேகம் இல்லை. புரிந்தும் சொன்னேன்.

"ஆமா. காலைலயே எடுத்துட்டுப் போயிட்டாரு."

"நெசமாவா?"

"ஆற்றுகால் அம்மை சத்தியமா."

யாரும் கேட்காத சத்தியம், நானாகக் கொடுத்தது. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சத்தியத்தைக் கேட்டதும் அப்படி ஒரு கும்பிடு. அந்தப் பெண் மட்டும் என் டி-ஷர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போதும் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வந்துபோனதை நான் மாமாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமா அன்றைக்கே விழித்துக்கொண்டிருப்பார். ஃபைனலுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

ஜெயித்தோம். இரண்டுக்கு ஒன்று. கடைசி நிமிஷத்தில் கேப்டன் கோல் போட்டான், காய்ச்சல் அவ்வளவு நன்றாகக் குணமாகியிருந்தது. மறுநாள் அசெம்பிளியில் நான் அதை வாசித்தபோது கைதட்டல் நிற்க இரண்டு நிமிஷம் ஆனது. முந்தின நாள் சாயந்திரம், கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மைதானத்தைச் சுற்றிய நேரத்தில், ஆஸ்பத்திரியில் அந்த மனிதர் இறந்துபோயிருந்தார். அது விளையாட்டுச் செய்தியில் வரவில்லை.

பிறகு எல்லாம் மாறியது. ஆள் இறந்துவிட்டார், காருக்குள் பியர் பாட்டில்கள், அடித்துவிட்டு நிற்காமல் போனது என்று சேர்த்துப் பெரிய பிரிவில் கேஸ் எழுதினார்கள். குடிப்பழக்கமே இல்லாத மாமா, குடித்துவிட்டு ஒருவரைக் கொன்றவராக உள்ளே போனார். முதலாளி ஏற்பாடு செய்த வக்கீல் ஒரு தடவை வந்தார், அப்புறம் வரவில்லை. முதலாளியின் போனை யாரோ ஒரு பெண் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள். அவருக்கு எத்தனை மீட்டிங்! கேப்டனை வெளிமாநிலத்தில் ஏதோ ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டார்கள். என் சீட்டுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை, அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றினார்கள். அப்பா பொங்காலை நாளில் எங்கள் வரிசையில் இருந்தவர்களைத் தேடிப் போனார். பாதிப்பேர் வெளியூர். மீதிப்பேர், அந்தப் புகையில் யாரை ஐயா பார்த்தோம் என்றார்கள்.

கோர்ட்டில் கடைசியாக ஒரு இலவச வக்கீலைக் கொடுத்தார்கள். அவர் மாமாவிடம், நீ ஓட்டவில்லை என்றால் இப்போதாவது சொல், ஆனால் வாயால் சொன்னால் போதாது, அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்குக் கையில் ஆதாரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாமா ஒரு நாள் அவகாசம் வாங்கியிருக்கிறார். இதெல்லாம் ப்ளஸ் டூ படிக்கும்போது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள் என்பது மட்டும்தான். மாமா கேட்டிருந்தாராம், பிள்ளையைக் கூட்டிட்டு வா என்று. கோர்ட் வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் மாமா நின்றார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. அம்மா தள்ளி நின்று போலீஸ்காரரிடம் டிஃபனுக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குனிந்து, மெல்லக் கேட்டார்.

"ஏட்டி, பொங்காலைக்கு எடுத்தியே ஒரு வீடியோ. அது இருக்கா?"

நான் பயப்படாதீர்கள் என்பது போல் தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கே அழிச்சுட்டேன் மாமா. ட்ராஷ்லேருந்தும் எடுத்துட்டேன். இனி யாருக்கும் கிடைக்காது."

மாமா நிமிர்ந்தார். பிறகு விலங்கு போட்ட கைகளைச் சேர்த்துத் தூக்கி, என் தலையில் வைத்தார்.

"கெட்டிக்காரி" என்றார். "நல்லா படி, என்ன?"

உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அம்மாவிடம், மாமா வீடியோவைப் பற்றிக் கேட்டார், நான் ஒரு தடயமும் விடாமல் அழித்ததைச் சொன்னதும் கெட்டிக்காரி என்று பாராட்டினார் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முன் சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டாள். அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் எழுந்து அவள் பக்கத்து ஜன்னல் ஷட்டரைத் தூக்கிவிட்டேன்.