பச்சை உடம்புக்கு வாங்கிய மருந்து

என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஏழு வாரம் ஆகிறது. இந்தச் சொல்லை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். வாயால் இன்னும் ஒருவரிடமும் சொன்னதில்லை. கம்பெனியில் கேட்டவர்களிடம் வயிற்றில் கட்டி, ஆபரேஷன் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை, கட்டிகள்தான். ஒன்று இரண்டு இல்லை என்றும், இந்த வயதில் பையோடு எடுத்துவிடுவதுதான் நல்லது என்றும் டாக்டரம்மா சொன்னார்.

நாங்கள் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் இருக்கிறோம். அவள் சரவெடி பின்னுவாள். நான் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம், பிள்ளை இல்லை. நான்கு வருடமாக மாதாமாதம் அவளுக்கு ரத்தம் கொட்டியிருக்கிறது. ஒருநாள் கம்பெனியில் மயங்கி விழுந்த பிறகுதான் எனக்கே தெரியும். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு எப்போதுமே குறைவு.

விருதுநகர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸம்மா என்னைத் தனியாக அழைத்து, என்ன கொடுக்க வேண்டும், என்ன கூடாது என்று சொன்னார். தனியாக என்றாலும், நின்றது பெண்கள் வார்டுக்கு நடுவில். நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு, பேரீச்சம்பழம் தினமும் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். தண்ணீர் நிறைய. மலம் இறுகக் கூடாது, முக்கினால் உள்தையலுக்கு ஆகாது, அதனால் பழமும் காயும் விடக் கூடாது. எண்ணெயில் பொரித்ததும் பரோட்டாவும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். சத்து மாத்திரையை டீயோடு கொடுக்கக் கூடாது, கொடுத்தால் மாத்திரை உடம்பில் சேராது. ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று மாதமாக அவள் டீயில்தான் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள். போட்டுக் கொடுத்தது நான்.

கடைசியாக நர்ஸம்மா சொன்னது இதுதான்: “ரத்தம் எட்டுதான் இருக்கு. பத்துக்கு மேல வரணும். கொட்டுற வழியை அடைச்சாச்சுண்ணே, இனி ஊறுறது எல்லாம் உள்ளதான் நிக்கும். சாப்பிட வைக்கிறது உங்க பொறுப்பு.”

சமையலை நானே செய்தேன். கீரை ஆயவும் சுவரொட்டியைச் சுட்டுத் தோலுரிக்கவும் பழகிக்கொண்டேன். முதல் சில நாள் அவள் ருசி பார்க்காமல், போட்டதைத் தின்றாள். என் முகத்துக்காகத் தின்கிறாள் என்று தெரிந்தது. அது போதும் என்று இருந்தேன்.

பக்கத்து வீடு என் அண்ணன் வீடு. மதினிக்கு நர்ஸம்மா சொன்னதில் பாதி பிடிக்கவில்லை. முட்டை வாயு, தையல் இழுக்கும் என்றார். கடலைமிட்டாயைப் பார்த்துவிட்டு, கரப்பான் பண்டம், அரிப்பெடுக்கும், புண் எப்படி ஆறும் என்று பிடுங்கிக்கொண்டு போனார். ஆனைக்குட்டத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த அணை மீனை வாசலோடு திருப்பி அனுப்பினார். இரண்டு பேச்சுக்கும் நடுவில், யார் கடைசியாகச் சொன்னார்களோ அவர்கள் சொல்படி நான் சமைத்தேன்.

ஆபரேஷன் ஆன பன்னிரண்டாம் நாள் மதினி வந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்து கிடந்தது.

“கொழுந்தனாரே, வயித்தக் கிழிச்சு எடுத்தா எல்லாம் ஒண்ணுதான். இது பச்ச உடம்பு. பிள்ளை பெத்தவளுக்குப் பாக்குற மாதிரி பாக்கணும். விருதுநகர் பஜார்ல நாட்டு மருந்துக் கடையில போயி பேறுகால மருந்துச் சாமான்னு கேளுங்க, அவுகளே கட்டிக் குடுப்பாக. நான் இடிச்சுக் கருப்பட்டி போட்டுக் கிண்டித் தாரேன்.”

மதினி நல்ல மனதோடுதான் சொன்னார். பேறுகாலம் என்றதை நானும் மருந்தின் பேராக மட்டும்தான் கேட்டுக்கொண்டேன்.

அன்றே போனேன். கடையில் கூட்டம். எனக்கு முன்னால் நாலைந்து பெண்கள். என் முறை வந்ததும் மெதுவாகக் கேட்டேன். அண்ணாச்சிக்குக் காது கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மகளுக்கா?”

“இல்ல, வீட்டுல.”

அண்ணாச்சி தராசை அப்படியே பிடித்துக்கொண்டு என் நரைத்த தலையைப் பார்த்தார். “வீட்டுலயா? அடி சக்கை. இத்தனை வருசங் கழிச்சா?”

“பத்தொம்பது வருசம்” என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

பெண்கள் சிரித்தார்கள். கேலி இல்லாத சிரிப்பு. ஒரு அம்மா, “சாமி கண்ணத் தொறந்துருச்சு” என்று கும்பிட்டார். அண்ணாச்சி திப்பிலியைக் கொட்டிக்கொண்டே, என்ன பிள்ளை என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதென்றால் அந்தச் சொல்லை அத்தனை பெண்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதைவிட இது லேசாக இருந்தது.

“பொம்பளைப் பிள்ளை” என்றேன்.

சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, தனியாக இரண்டு துண்டு வசம்பை எடுத்துப் பொட்டலத்துக்குள் செருகினார். எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளை உள்ள வீட்டில் வசம்பு என்று சொல்ல மாட்டார்கள், பேர் சொல்லாதது என்பார்கள். பிள்ளைக்கு வயிறு உப்பினால் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது. “பேர் சொல்லாதது வச்சிருக்கேன். இது நம்ம கணக்கு, பிள்ளைக்கு” என்றார்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். சிவகாசி வழியாகப் பஸ்ஸில் வரும்போது பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடையில் சிரித்தவர்கள் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு நாள் பிள்ளை என்றால் எவ்வளவு நீளம் இருக்கும் என்று யோசித்தேன். ஜன்னலில் காற்று அடித்தபோது பொட்டலத்தின் மேல் கையை வைத்து மறைத்தேன். திருத்தங்கல் தாண்டும்போது, அந்த இரண்டு துண்டையும் எடுத்து வெளியே எறிந்துவிட வேண்டும் என்று தோன்றியது. எறியவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

வீட்டில் நான் கைகால் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் பொட்டலத்தைப் பிரித்திருந்தாள். சாமான்களை முறத்தில் வரிசையாக வைத்திருந்தாள். வசம்பு அவள் உள்ளங்கையில் இருந்தது.

“இது யாருக்கு?”

நான் துண்டில் கையைத் துடைத்தேன்.

“கடைக்காரர்கிட்ட என்ன சொன்னீக?”

நடந்ததைச் சொன்னேன். எந்த இடத்தையும் விடாமல் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“என்ன பிள்ளைன்னு சொன்னீக?”

“பொம்பளைப் பிள்ளை.”

வசம்பை முறத்தில் வைத்துவிட்டு, “பேரு கேட்டாரா?” என்றாள்.

“கேக்கல.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பீக” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டி, மதினி வீட்டில் கொடுத்துவிடும்படி என் கையில் தந்தாள்.

அன்று மாலையிலிருந்து அவள் சாப்பாடு நின்றுபோனது. பட்டினி என்று சொல்ல முடியாது. அரை டம்ளர் கஞ்சி, தொட்டுக்கொள்ள உப்பு. கீரையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவாள். சுவரொட்டி வாசனைக்கே முகத்தைத் திருப்புவாள். மாத்திரையை மட்டும் சரியாகப் போட்டுக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறேன். பிசைந்து உருண்டை பிடித்து நீட்டியிருக்கிறேன். “வைங்க, தின்னுக்கிறேன்” என்பாள். நான் எழுந்து போகும்வரை கை தட்டில் படாது. மதினி ஒரு நாள் வந்து சத்தம் போட்டார். அன்றும் அரை டம்ளர் கஞ்சிதான்.

ஒரு மாதம் ஆனதும் விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் பஜார் வழியாகத் திருப்பப் போனார். வேறு வழியாகப் போகச் சொன்னேன். அவள் அதைக் கவனித்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எட்டிலிருந்து ஏழரைக்கு இறங்கியிருந்தது. ரத்தப்போக்கு இல்லாதபோது எப்படிக் குறையும் என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார், வீட்டில் ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று. நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “எல்லாம் குடுக்காக. அவுக மேல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் இறங்க மாட்டேங்குது.”

இன்னும் மூன்று வாரம் பார்ப்போம், ஏறாவிட்டால் மறுபடி சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்கார வைத்து மாதுளம்பழத்தை உடைத்து முத்துகளை அவள் கையில் கொட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ரத்தம் ஊறி என்ன செய்யப் போகுது?” என்றாள்.

நர்ஸம்மா சொன்னதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். எதை எதோடு சேர்க்க வேண்டும், எது எத்தனை நாள் ஆகாது என்று யார் கேட்டாலும் சொல்வேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நீ இருக்க வேண்டும், எனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போதுதான் அது தோன்றியது. அப்போது அவள் கண்ணை மூடியிருந்தாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி போக வேண்டும். காலையில் கீரையும் முட்டையும் செய்து, தட்டில் வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வந்து முதலில் மூடியைத் திறந்து பார்ப்பேன். வைத்தது வைத்தபடி இருக்கும். நேற்று நான் வந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூடி தரையில் கிடந்தது. கீரையில் கை படவில்லை. முட்டையில் பாதி இல்லை. எங்கள் தெருவில் பூனைகள் அதிகம், கதவும் சாத்தியிருக்கவில்லை. தட்டின் முன்னால் நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். நீ தின்றாயா என்று கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவாள். நான் கேட்கவில்லை.