துணைத்தலைவர் வேஷம்

சினிமா வட்டாரத்தில் அவரை மீசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடி உயரம், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, உதட்டின் இரண்டு பக்கமும் முறுக்கி ஏறிய மீசை. அந்த உருவத்துக்காகவே பல வருஷமாக அவருக்குப் பெரிய மனிதர்களின் பின்னால் நிற்கும் வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. அடியாள், மெய்க்காப்பாளர், பண்ணையாரின் மச்சான். வசனம் கிடையாது, முறைத்தால் போதும். வீட்டிலோ கரப்பான்பூச்சியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள்.

மனைவி முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். பின்னறை அப்பாவுடையது. அவருக்கு வயதாகிக் கண் மங்கிவிட்டது; காது மட்டும் பாம்புக்காது. அப்பா ஒரு காலத்தில் நகரசபைத் தலைவராக இருந்தவர். ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்தான் தலைவராக வர முடியும் என்று சட்டம் ஒதுக்கிய தேர்தலில் நின்று ஜெயித்தார். மாலையெல்லாம் போட்டார்கள். மறுநாள் அலுவலகத்துக்குப் போனால், தலைவர் நாற்காலியில் துணைத்தலைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் பாதி நிலம் அவர் குடும்பத்துடையது. எழுந்திருங்கள் என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் நாக்கு வரவில்லை. பதவிக்காலம் முடிகிறவரை அப்பா ஜன்னலோரம் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். வீட்டில் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. மீசைக்காரருக்கே தெருவில் நாலு பேர் பேசித்தான் தெரியும்.

அப்படியிருக்க, சாதியையும் அதிகாரத்தையும் பற்றிப் புதுப் படம் ஒன்று எடுக்க வந்த இளம் பெண் இயக்குநர் மீசைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

“சார், நீங்க சும்மா நின்னாலே அதிகாரம் தெரியுது. இந்தத் தடவை உக்காந்து பேசப் போறீங்க. துணைத்தலைவர் வேஷம்.”

முதல் முறையாக வசனம்! மீசைக்காரர் கையில் கொடுத்த தாளை அங்கேயே வாசித்தார். வாசிக்க வாசிக்கச் சந்தோஷம் வடிந்துபோனது. தேர்தலில் ஜெயித்த தலைவரை நிற்க வைத்து, துணைத்தலைவர் கத்துகிறார்: “டேய், கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு. உக்கார்றதுக்கு நாங்க இருக்கோம்!”

“இது யார் சொன்ன கதைங்க மேடம்?”

“நிறைய இடத்துல நடந்ததுதானே சார். கேள்விப்பட்டு எழுதினேன்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவளோ மிஷினை விட்டு எழுந்து, “வாங்க, சமையலறைக்கு. நான் தலைவரா நிக்கிறேன், நீங்க சொல்லிப் பாருங்க” என்றாள். கரண்டியும் கையுமாக அவள் எதிரே நின்றதும் அவர் வசனத்தை முணுமுணுத்தார்.

“என்னங்க இது, கடன் கேக்குற மாதிரி சொல்றீங்க? நல்லா சத்தமா திட்டுங்க. கல்யாணம் ஆனதுலேருந்து கிடைக்காத வாய்ப்பு, விட்டுடாதீங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். கண்ணைத் திறந்தால் வாசற்படியில் அப்பா, சுவரைப் பிடித்தபடி.

“அப்பா... ஒண்ணுமில்ல, ரவுடி வேஷம்...”

“ரவுடி எதுக்குடா கையெழுத்து கேக்குறான்?”

அப்பா தடவித் தடவி உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்த ஆளு கத்தவே மாட்டான். ஒரு நாள் கூட டேய்னு கூப்பிட்டதில்ல. கத்தியிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பேனே. இப்ப நான்தான் அவன், நீ நான். அந்த ஜன்னல்கிட்ட போய் நில்லு.”

“மாமா, வேணாமே” என்றாள் மருமகள்.

“சும்மா இரும்மா. அவன் பொழப்பு.”

மீசைக்காரர் போய் நின்றார். அப்பாவின் முகவாய் மெல்ல உயர்ந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. வெண்ணெய் மாதிரி ஒரு குரல், அது அப்பாவுடையதே இல்லை.

“வாங்க தலைவரே. வெயில்ல நடந்தா வந்தீங்க? இதோ, இங்க ஒரு கையெழுத்து. உக்கார்றதுக்குத்தான் நாங்க இருக்கோமே, நீங்க எதுக்குச் சிரமப்படணும்?”

ஆறடி மனிதருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பக்கவாட்டில் தொங்கவிட்டார், பின்னால் கட்டினார், கடைசியில் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார் போல. அந்த மரியாதைதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

“எப்படிப்பா அத்தனை வருஷம் நின்னீங்க? தூக்கி எறிஞ்சுட்டு வந்திருக்கலாமே.”

“நாற்காலிதான்டா அவன்கிட்ட இருந்துச்சு. கையெழுத்து என்கிட்டதான் இருந்துச்சு. நான் வெளிய வந்தா அதுவும் அவனுக்குப் போயிடும். நம்ம தெருவுக்குத் தண்ணிக் குழாய் அந்தக் கையெழுத்துலதான் வந்துச்சு.” அப்பா கையை நீட்டி மகனின் முழங்கையைத் தேடிப் பிடித்தார். “போதும், உக்காருடா. கால் வலிக்கும்.”

முன்னறையில் தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. தைக்கத் துணி ஏதும் இல்லாமல் மனைவி வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

படப்பிடிப்பு நாளில் மீசைக்காரர் தாளில் இருந்ததைச் சொல்லவில்லை. வெயிலில் வந்தீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எதிரே தலைவராக நடித்தவர் பழுத்த நாடக நடிகர். அவருக்கே உதடு துடித்தது. இயக்குநர் நிறுத்தச் சொல்லவே மறந்துபோனார். ஒருவழியாகச் சொன்னதும் மீசைக்காரர் துள்ளி எழுந்து, அந்த நடிகரைத் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் உட்கார வைத்தார். “முதல்ல உக்காருங்க சார், உக்காருங்க” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஆளை விரட்டினார். வசனத்தை மாற்றியதற்குத் திட்டு விழும் என்று அவர் பயந்தார். இயக்குநரோ பக்கத்தில் வந்து, “எங்க சார் பிடிச்சீங்க இதை?” என்று மட்டும் கேட்டார்.

“எங்க அப்பா சொல்லிக் கொடுத்தார்” என்றார்.

படம் வந்தது. அப்பாவைக் கூட்டிப்போக மீசைக்காரருக்குத் தைரியமில்லை. அப்பாவே சட்டை மாற்றிக்கொண்டு தயாராகிவிட்டார். தியேட்டரில் மருமகள் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். திரை சரியாகத் தெரியாததால் தலையைச் சாய்த்துக் காதால் பார்த்தார். அந்தக் காட்சி வந்தபோது தியேட்டரே மூச்சு விடாமல் இருந்தது. அப்பா மட்டும் சிரித்தார். முதலில் சின்னதாக, பிறகு தோள் குலுங்க. முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னப்பா? தப்பா பண்ணிட்டேனா?” என்று மீசைக்காரர் காதோடு கேட்டார்.

“இல்லடா. அந்த ஆளு இருந்து இதைப் பார்த்திருக்கணும். அவன் வேஷத்தை யாரு போட்டிருக்கான் பாரு!” மகனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படம் முடிகிறவரை விடவில்லை.

வெளியே வரும்போது ஒரு நடுத்தர வயதுப் பெண் மீசையை அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஏன்யா, வயசானவரை இப்படி நிக்க வெச்சியே, நல்லா இருப்பியா நீ?”

மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா குரல் வந்த பக்கம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “இவன் என் மகன்தாம்மா. நீ நல்லா திட்டு.”