சிமெண்ட் ஒத்துக்கொள்ளாத கொத்தனார்

பூலாம்பாடி இளையபெருமாள் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பதினோரு வயதில் மணல் சட்டி தூக்கினார். இருபதில் கரண்டி பிடித்தார். நாற்பத்தெட்டு வயதில், லப்பைக்குடிக்காட்டில் இருக்கிற மாடி வீடுகளில் பாதி தன் கையால் எழும்பியவை என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். பாதி என்பது கொஞ்சம் கூடுதல். ஆனால் அவர் பூசிய சுவரில் மேடு பள்ளம் இருக்காது, அதில் பொய் கிடையாது. மட்டப்பலகை வைத்துப் பார்க்கிறவனை அவர் கொத்தனாராகவே மதிக்க மாட்டார். உள்ளங்கையால் ஒரு தடவு, அவருக்கு அதுதான் அளவு.

2003 தை மாதம் அந்தக் கையில்தான் அரிப்பு வந்தது. மதார் பாய் வீட்டில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்த சமயம். முதலில் விரலிடுக்கில் பொடிக் கொப்புளம், பிறகு நீர்க்கசிவு, பிறகு வெடிப்பு. சாயங்காலம் கையில் ஒட்டிய சிமெண்டை மண்ணெண்ணெய் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பது அவர் வழக்கம். அரிப்பு வந்ததும் இன்னும் அழுத்தித் தேய்த்தார். நாரின் சுரசுரப்பு அத்தனை சுகமாக இருந்தது.

"கருவாட்ட விடுங்க, கத்திரிக்காய விடுங்க. ஒடம்புல கரப்பான் ஏறிப்போச்சு" என்றாள் மனைவி வீராயி. இரண்டு மாதம் கருவாட்டைத் தொடாமல் இருந்தார். அவர் வாழ்க்கையில் அது பெரிய தியாகம். அரிப்பு அதைக் கண்டுகொள்ளவில்லை.

மதார் பாய்தான் ஒரு ட்யூப் கொடுத்தார். "மச்சான் தவ்ஹீத் துபாய்லேர்ந்து கொண்டாந்தது. ரெண்டே நாள், பட்டுனு நின்னுடும்."

நின்றது. ஆஸ்பத்திரிப் படி மிதிக்காமலே குணமாக்கிக்கொண்டதாக டீக்கடையில் ஒரு வாரம் பேசினார். மருந்தை நிறுத்திய ஐந்தாம் நாள் அரிப்பு மணிக்கட்டு வரை ஏறியது. பாயிடம் இன்னும் இரண்டு ட்யூப் வாங்கி மறுபடி போட்டார், சுவருக்குப் பூசுகிற கனத்தில் போட்டார். மூன்று ட்யூப் தீர்ந்தபோது தோல் வெங்காயச் சருகு போல மெலிந்திருந்தது.

அப்போதுதான் மதார் பாய் வந்து சொன்னார்: "அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை குடிபோறோம். எங்க சஹன்ல நீங்க உக்காரணும்."

சஹன் என்றால் பெரிய தாம்பாளம். சோற்றையும் கறியையும் அதில் போட்டு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவார்கள். தான் கட்டிய வீடுகளில் வீட்டுக்காரரோடு முதல் சஹனில் உட்காருவது இளையபெருமாளுக்குப் பட்டம் வாங்குகிற மாதிரி. இந்தக் கையோடு போனால் யார் கூட உட்காருவார்கள்? ஒருவர் எழுந்து போனாலும் போதும், அப்புறம் அந்த ஊரில் கரண்டி பிடிக்க முடியாது.

மறுநாளே பெரம்பலூருக்கு பஸ் ஏறினார். தோல் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கொத்தனாருங்க. லப்பைக்குடிக்காட்டுல வந்து கேட்டுப் பாருங்க, எம்பேரு தெரியாத ஆளு கெடையாது."

"அதான். சிமெண்ட் உங்களுக்கு ஒத்துக்கல."

அவருக்குச் சுருக்கென்றது. "இருவத்தெட்டு வருசமா ஒத்துக்கிச்சே?"

"பல வருசம் பொறுத்துப் பாத்துட்டு, ஒரு நாள் தோல் மாட்டேன்னுடும். மண்ணெண்ணெய் வேற ஊத்தித் தேய்க்கிறீங்க. தோல்ல இருக்குற எண்ணெய்ப் பசை போயிட்டா சிமெண்ட் உள்ள எறங்காம என்ன செய்யும்? அந்த வெளிநாட்டு மருந்து அரிப்ப அமுக்குச்சு, காரணத்தத் தொடல."

"தொத்துமா?" அவர் வந்ததே அதைக் கேட்கத்தான்.

"தொத்தாது. யாரு பக்கத்துலயும் உக்காரலாம்."

மூன்று வாரம் கலவையைத் தொடக் கூடாது என்றார். எழுதிக் கொடுத்த மருந்தை மெலிசாக, சொன்ன நாள் வரைதான் போட வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, உடனே தேங்காய் எண்ணெய். பிறகு வேலைக்குப் போனால் உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை.

மிச்சப் பூச்சைக் கூட்டாளி அமாவாசையிடம் விட்டுவிட்டு, கைகட்டி நின்று அவன் பூச்சில் குறை சொன்னார். அரிப்பு அடங்கியது. வெள்ளிக்கிழமை வந்தபோது புண் காய்ந்திருந்தது. ஆனால் விரலெல்லாம் கறுத்து, கோடு கோடாக வெடிப்பு தெரிந்தது.

"பாய், எனக்குத் தனியா ஒரு இலை போட்டுருங்க" என்றார்.

"ஏன், எங்ககூட உக்கார மாட்டீங்களா?"

பக்கத்திலிருந்த தவ்ஹீத் அவர் விரலைப் பார்த்துவிட்டார். "கையில என்ன கொத்தனாரே? நான் குடுத்த மருந்துக்கும் போகலயா?"

செங்கல் விழுந்தது, சுண்ணாம்பு சுட்டது என்று இரண்டு பொய்கள் வாயருகே வந்தன. நல்ல பொய்கள்தான். ஆனால் அவற்றைச் சொன்னால் தொத்து என்கிற சந்தேகம் யார் மனசிலும் தீராது.

"தொத்து இல்லைங்க, டாக்டரம்மாவக் கேட்டுட்டேன்" என்றார். அடுத்ததைத் தான் பூசிய சுவரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு சிமெண்ட் ஒத்துக்கல."

"கொத்தனாருக்கு சிமெண்ட் ஒத்துக்கலையா? ஆட்டுக்குத் தழை ஒத்துக்கலங்கிற மாதிரில்ல இருக்கு." தவ்ஹீத் சிரிக்க, கூடமே சிரித்தது.

மதார் பாய் சிரிக்கவில்லை. சஹனை நடுவில் இழுத்து வைத்தார். "சோறு ஆறுது. நீங்க மொதல்ல கை வைங்க."

இளையபெருமாள் கை வைத்தார். வெடிப்பில் மசாலா சுரீரென்று ஏறியது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்து மதார் பாயின் கை வந்தது. தவ்ஹீத்தின் கை ஒரு நொடி நின்றது. பிறகு தன் பக்கத்தைத் தாண்டி வந்து, இளையபெருமாள் பக்கம் கிடந்த நல்லி எலும்பைத் தூக்கிக்கொண்டு போனது.