கூடுதல் போல்ட்

நாற்பத்தோரு வயதில் மெக்கானிக் வேலை தேடிக் கிளம்பிய தையல்காரம்மாவை ஐந்து ஒர்க்‌ஷாப்புகள் வாசலோடு திருப்பி அனுப்பின. "முன்அனுபவம் இருக்கா?" என்பதுதான் எல்லா இடத்திலும் கேள்வி. வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும், வானத்திலிருந்தா? கேட்டவர்களில் ஒருவர்கூடத் தாய் வயிற்றிலிருந்து ஸ்பேனரோடு இறங்கியவரில்லை.

அவர் பதினெட்டு வருஷம் சட்டை தைத்த ஆலையை ஒரே நாளில் மூடிவிட்டார்கள். மாலை வகுப்பில் சேர்ந்து மோட்டார் வேலை படித்தார். "முதல்ல நம்ம மிக்ஸியைச் சரிபண்ணு, பார்ப்போம்" என்றார் வீட்டுக்காரர். சரிபண்ணினார். மறுநாள் அந்த மனிதரே பக்கத்து வீட்டு மிக்ஸியையும் வாங்கிவந்து வைத்தார்.

ஆறாவது ஒர்க்‌ஷாப்பில் ஆள் பற்றாக்குறை. "ஒரு வண்டி தர்றேன். ஒழுகாமப் போச்சுன்னா வேலை உங்களுக்கு. ஒழுகுச்சுன்னா நீங்க கிளம்பலாம்" என்றார் முதலாளி. தந்ததோ, தலைமை மெக்கானிக் இரண்டு முறை பழுதுபார்த்தும் தண்ணீர் ஒழுகித் திரும்பி வந்த வண்டி. வாட்டர் பம்பைக் கழற்றி, ஒழுகாமல் தடுக்கும் பேக்கிங்கை மாற்றிப் பூட்ட வேண்டும்.

தையல்காரம்மா ஓர் அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டுகளை அதனதன் இடத்தில் குத்திவைத்தார்.

தலைமை மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னக்கா, இன்ஜினுக்குச் சட்டை வெட்டுறீங்களா?"

"ஆமாண்ணே. கையும் காலரும் இடம் மாறினா யார் போட்டுக்குவாங்க?"

அட்டையில் எட்டு இடம், போல்ட் ஏழுதான்.

"அண்ணே, ஒண்ணு குறையுது."

"ஏழு தாராளமாப் போதும். கம்பெனிக்காரன் எப்பவும் ஒண்ணு ரெண்டு கூடுதலாத்தான் வைப்பான். அதோ பாருங்க."

மூலையில் ஒரு பெயின்ட் டப்பா. விளிம்புவரை போல்ட்டுகள்.

"கூடுதல் பட்டனையே நாங்க சட்டைக்குள்ள தைச்சுத்தான் அனுப்புவோம். இவ்வளவையும் வண்டிக்காரங்ககிட்ட குடுக்காம ஏன் வெச்சிருக்கீங்க?"

"பேச்சை விட்டுட்டுப் பூட்டுங்கக்கா!"

ஏழோடு பூட்டினால் ஒழுகும்; மறுத்தால் அடங்காதவள் என்பார்கள். எப்படியும் வேலை போகும் என்றால், சரியாகச் செய்துவிட்டே போகட்டும் என்று டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். கொட்டிய சத்தத்தில் முதலாளி ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார், குவியலைப் பார்த்தார். அத்தனை வருஷமாக வெளியே போன வண்டிகள் கண்முன் வந்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. பிறகு அவரும் குந்தி உட்கார்ந்து தேடினார்.

நீளமும் மரையும் ஒத்த போல்ட் ஒன்று அகப்பட்டது. பூட்டி, தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டார்கள். மூவரும் மண்டியிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்கம்மா" என்றார் முதலாளி.

"வர்றேன். கழிப்பறைக் கதவுக்கு மட்டும் ஒரு தாழ்ப்பாள் போட்டுடுங்க."

"இத்தனை வருஷத்துல யாருமே அதைக் கேட்டதில்லையே?"

"கேக்குற ஆளை உள்ள விட்டாத்தானே முதலாளி!"