மலர் நின்ற கோட்டை வாசல்

ஆடி பதினேழு, பிற்பகல் மூன்று பத்து, குன்னூரில் சாரல். ஜப்பானியக் கதை வீடியோ கேம்களில் அவசரமே கூடாது என்பவன் நான். அன்று மெமரி கார்டில் இடமில்லை என்று, பெயர் பார்க்காமல், ஆட்டம் நின்ற இடத்தைச் சேமித்து வைத்த ஒரு பதிவை அழித்தேன். அது பக்கத்து வீட்டு முருகேசனின் இறந்துபோன மகள் மலர் ஆடியது. தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடியதும், அவர் அவளுடைய விளையாட்டுப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுத் திருப்பூர் போயிருந்தார்.

மறுவாரம் போன் செய்தார். "தீவாளிக்கு வரேனுங்க. பாப்பா ஆடுனத ஒருக்கா பாக்கோணும்."

முதலிலிருந்து ஆடினேன். முன்பு ஒருமுறை திறந்து பார்த்த நினைவில், கதையில் வரும் வைத்தியக்காரிக்கு அவள் வைத்திருந்தபடியே மலர் என்று பெயரிட்டு, அவள் ஆட்டத்தை விட்டிருந்த அதே கோட்டை வாசலில் நிறுத்தினேன்.

தீபாவளியன்று முருகேசன் திரையைத் தடவினார். "பாப்பா உட்ட எடத்துலயே நிக்குதுங்க. நீங்க தொடவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

வருடம் தவறாமல் வந்து பார்க்கிறார். அவள் ஆடியது ஒன்றும் அதில் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்தப் பொய்க்கு ஆனது அறுபத்திரண்டு மணி நேரம்.